ஜெசிந்தா போடாத அடி

கௌதமன் செத்துப்போனான், அவன் வாசித்துக்கொண்டிருந்த ஓசை மட்டும் நிற்கவில்லை. இதை முதலில் கண்டுகொண்டது அவனைப் பெற்ற ரத்தினம்மாவும் இல்லை, வைகாசியில் அவனைக் கட்டிக்கொள்ள இருந்த ஜெசிந்தாவும் இல்லை, தூறலில் நனைந்தபடி கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கிய லைன்மேன் கோதண்டம்தான். பிடுங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு கோதண்டம் கீழே பார்த்தான். தங்கவயல் கால்பந்து மைதானத்தில் போட்டிருந்த மேடையில் விளக்குகள் அணைந்திருந்தன, கிதார் ஓசையைப் பெருக்குகிற ஆம்ப் கருகிப் புகைந்தது, கிதாரை யாரோ கட்டையால் தள்ளிவிட்டிருந்தார்கள், கௌதமனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அத்தனைக்கும் மேலே, கோல் கம்பத்து உயரத்தில், அவன் கடைசியாக மீட்டிய ஓசை யாரும் தொடாமலே முழங்கிக்கொண்டிருந்தது. தன் வேலையில்தான் ஏதோ குறை என்று நினைத்த கோதண்டம் அடுத்த கம்பத்தில் ஏறினான், அதற்கடுத்ததிலும் ஏறினான், ஊரே இருண்டது, ஓசைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே இறங்கி, "இது நம்ம லைன்ல வரல," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

தங்கவயல்காரர்களுக்குச் சத்தம் புதிதில்லை. அப்பன், மகன், பேரன் என்று வரிசையாகப் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் தோண்டிய ஊர். டிரில் மெஷினும் வெடியும் கூண்டு இறங்கும் சங்கிலியும் ஷிப்டுக்கு ஷிப்டு ஊதுகிற சங்கும் தாலாட்டுக்கு முன்பே பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும். அதனால் மற்ற ஊர்களில் எல்லாம் "என்னடா, தகரத்தைப் போட்டு இழுக்கிறான்" என்று அப்பாமார்கள் அணைத்துவிடுகிற இசைக்கு, இங்கே ஷிப்டு முடிந்து வந்த அப்பாமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, "நம்ம ஷாஃப்டுல கேக்கற மாதிரியே கீதுடா" என்று தலையாட்டினார்கள். கௌதமனும் அல்போன்சும் ஜெசிந்தாவும் சேர்ந்து ஆரம்பித்த பேண்டுக்கு மூணாம் ஷிப்டு என்று பேர் வைத்தபோது, அதை வைத்தவர்களைவிடக் கேட்டவர்களுக்குத்தான் பெருமை. கௌதமன் கிதார், அல்போன்ஸ் பேஸ் கிதாரும் பாட்டும், மாதா கோயில் பேண்டில் பழகிய ஜெசிந்தா டிரம்ஸ்.

கௌதமனுக்கு வாசிக்கத் தெரிந்த அளவுக்குக் கதை சொல்லவும் தெரியும். மேடையில் மண்டிபோட்டுத் தன் கிதாருக்குத் தீ வைத்தவன் கதை, ரப்பர் பொம்மை என்று நினைத்து நிஜ வௌவாலின் தலையைக் கடித்தவன் கதை, கார் விபத்தில் ஒரு கை போன பிறகும் காலால் பாதி அடித்து ஒரு கையால் மீதி அடித்து மேடைக்குத் திரும்பி வந்த டிரம்மர் கதை என்று, பாரதம் சொல்கிறவர் மாதிரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்வான். ஜெசிந்தாவுக்கு டிரம்மர் கதை பிடிக்கும். அவனுக்குப் பிடித்தது வேறு. சீமையில் தகரம் வெட்டுகிற ஆலையில் விரல் நுனிகளைப் பறிகொடுத்த ஒருவன், பாத்திரம் தேய்க்கிற சோப்பு பாட்டிலை உருக்கி விரல்களுக்குக் குல்லாய் செய்து மாட்டிக்கொண்டு வாசித்தான், வலிக்காமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினான், அந்தத் தளர்ந்த கம்பியில் பிறந்ததுதான் இந்தக் கனத்த இசை. "எங்கப்பனுக்கும் கூண்டுக் கதவுல ரெண்டு விரல் போச்சு," என்பான். "பாவம், அவருக்கு யாரும் கிதார் குடுக்கல."

மூணாம் ஷிப்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. மாதா திருவிழாவில் முதன்முதலாக வாசித்தபோது பாட்டு முடிகிற இடத்தில் மூன்று பேரும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஆளுக்கொரு ஸ்டாப்பில் குதித்த மாதிரி, தனித்தனியாக முடித்தார்கள். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அன்று செய்த சட்டம்: கடைசி ஓசையைக் கௌதமனும் அல்போன்சும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஜெசிந்தா பெரிய டிரம்மையும் தாளத்தட்டையும் ஒரே நேரத்தில் அடிக்கிற அந்தக் கடைசி அடி விழுந்தால்தான் கம்பியிலிருந்து கை எடுக்க வேண்டும். "அடி விழாம கை எடுக்கறவன் மனுசனே இல்ல," என்று டீ கிளாஸின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான் கௌதமன். சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை வைத்து விளையாடவும் ஆள் வேண்டுமே. ஜெசிந்தா இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, போடாமல், அவனைப் பார்த்துச் சிரிப்பாள். அவன் கிதாரை ஆம்புக்கு முகம் காட்டி நின்று, அடுப்பு நெருப்பை வளர்க்கிற மாதிரி, ஓசை சாகாமல் ஊதி ஊதி வளர்ப்பான். பொறுக்க முடியாமல் போகும்போது கம்பியை ஒரு மயிரிழை மேலே தள்ளுவான். ஓசை கெஞ்சுகிற மாதிரி லேசாக வளையும். 'போடுடி' என்று அர்த்தம். அப்புறம்தான் அவள் போடுவாள். போட்டதும், ஆம்பை அணைக்காமலே ஒயரைக் கிதாரிலிருந்து பிடுங்குவான், ஸ்பீக்கரில் 'பொட்' என்று ஒரு சத்தம் வரும்.

"ஆஃப் பண்ணிட்டுப் புடுங்குடா. ஸ்பீக்கர் போயிடும்."

"அடுத்த வாட்டி," என்பான்.

எத்தனை மேடையோ அத்தனை பொட், அத்தனை அடுத்த வாட்டி.

அந்த ஐப்பசி சாயங்காலம் மைதானத்தில் கடைசிப் பாட்டின்போதுதான் தூறல் விழுந்தது. ஜெசிந்தா கையைத் தூக்கினாள், கௌதமன் அவளைப் பார்த்தான், அன்றைக்கு அவனுக்கும் வீம்பு, கம்பியை வளைக்காமலே நின்றான், வளைக்கட்டும் என்று அவளும் நின்றாள், கூட்டம் இருவரையும் பார்த்துக் கத்தியது, தரையில் ஓடிய ஒயரின் பிரிந்த இடத்துக்கு மழைத்தண்ணீர் மெதுவாக வந்து சேர்ந்தது. அவன் விழுந்தபோது அவள் கையிலிருந்து குச்சிகள் நழுவின. அடி விழவில்லை.

ஓசை நின்றது, அதாவது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சவ ஊர்வலத்தில் மேளம் அதன் மேல்தான் அடித்தது. முதல் சில நாட்கள் ஊர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடியது, அப்புறம் பஞ்சு எரிச்சலாகி எடுத்துவிட்டது, அப்புறம் கடலோரத்துக்காரனுக்கு அலை மாதிரி அது ஊரோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் நாகஸ்வரக்காரர்கள் சுருதிப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மாதா கோயில் பாடகர் குழுவும், மாரியம்மன் கோயில் பஜனையும், ரேஷன் கடை வரிசையில் வருகிற சண்டையும்கூட அந்த ஒரே சுருதிக்கு வந்து சேர்ந்தன. ஃபாதர் அதை மேகத்தில் கேட்ட குரலோடு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்தார். புத்த விகாரையில் பிக்கு எல்லாம் அநித்தியம், எல்லாம் கடந்துபோகும் என்று போதிக்கும்போது, கடந்துபோகாத அது ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் குரலை உயர்த்தி முடித்துவிடுவார். கால்பந்துப் பையன்கள் விசிலை நம்பாமல் நடுவரின் கையைப் பார்த்து ஆடப் பழகினார்கள், அதனாலேயே வெளியூர்ப் போட்டிகளில் தோற்றார்கள். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களுக்கு அங்கே தங்க நேர்ந்தால் தூக்கம் வராது. என்ன குறைகிறது என்று தெரியாமல் புரண்டு படுத்து, விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து, ஊர் நெருங்கும்போது ஜன்னலில் காதை வைத்து, அது கேட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்கள். கேசட்டில் பிடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. கேசட்டில் காக்கை கத்துவது மட்டும் பதிந்தது.

வெளியூர்களிலிருந்து கறுப்புச் சட்டையும் நீள முடியுமாகப் பையன்கள் வந்தார்கள். மைதானத்துப் புல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கேட்டார்கள். "கிதாரை எரிச்சவன் இருக்கான், ஒடைச்சவன் இருக்கான், நிறுத்தாதவன் இவன் ஒருத்தன்தான்," என்று அவர்களில் ஒருவன் சொன்னது ஊரில் பிரபலமாகி, டீக்கடைச் சுவரில் எழுதப்பட்டது. உலகத்துப் பெரிய சம்பவங்களின் வரிசையில் தங்கவயலும் சேர்ந்துவிட்டது என்று அல்போன்ஸ் ஒருநாள் ஜெசிந்தாவிடம் சொன்னான். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பாடத்தான் தெரியும், அந்த நாளுக்குப் பிறகு அதுவும் போயிற்று. நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருந்த ஜெசிந்தா பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ரத்தினம்மாவுக்கு மட்டும் அது சம்பவமும் இல்லை, அதிசயமும் இல்லை. தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணமும் ஒரு மடி அவரைக்காயும் எடுத்துக்கொண்டு கோல் கம்பத்தடியில் வந்து உட்காருவாள். கொட்டை உரித்துக்கொண்டே மேலே பார்த்துப் பேசுவாள். குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வாள், உன் சித்தப்பன் மறுபடி குடிக்கிறான் என்பாள், தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஆடினாயே என்று பழைய சண்டையைப் புதுப்பிப்பாள். பதில் வராவிட்டாலும் எழுந்து போகாமல் நிற்கிற பிள்ளை எத்தனை தாய்க்குக் கிடைக்கும் என்று பக்கத்துப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா, நிஜமாகவே பொறாமைப்பட்டார்கள். பூமிக்கடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு சத்தமும் திரும்பக் கிடைக்காத பெண்கள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

ஓசை ஏன் நிற்கவில்லை என்பதைச் சொன்னது அல்போன்ஸ்தான். குடித்திருந்த ஒரு மத்தியானம் டீக்கடையில், "எப்பிடி நிக்கும்? இவ இன்னும் அடிக்கலயே," என்று சொல்லிவிட்டு அழுதான். அன்றைக்கே கவுன்சிலரும் நாலு பேரும் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தார்கள், தூங்காத கைக்குழந்தையோடு ஒருத்தியும் கூட வந்தாள்.

"ஒரே ஒரு அடி தானேம்மா," என்றார் கவுன்சிலர். "ஊருக்கு நல்லது."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"போட்டா அவன் கைய எடுத்துடுவான்," என்றாள் ஜெசிந்தா.

கைக்குழந்தைக்காரி முதலில் எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "விடுங்கண்ணா, எங்க வூட்டுக்காரரா இருந்தா நானும் அடிச்சிருக்க மாட்டேன்," என்றாள். அதற்கப்புறம் யாரும் வந்து கேட்கவில்லை. ஜெசிந்தா டிரம்ஸை யூரியாச் சாக்குகளில் கட்டி மச்சில் போட்டாள்.

வருஷங்கள் போயின. சுரங்கத்தை மூடினார்கள், சங்கு ஊதுவது நின்றது, ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது, சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. ஜெசிந்தாவின் தங்கை பெங்களூரிலிருந்து வந்து, "எத்தினி நாளைக்கிக்கா இப்பிடியே இருப்ப, ஒரு எடம் வந்திருக்கு, அவருக்கும் மொத சம்சாரம் இல்ல, நல்ல மாதிரி," என்றாள். ஜெசிந்தா ஒருமுறை பெங்களூர் ரயிலில் ஏறிக்கூட உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்து, சுரங்கம் கொட்டிய மண்மேடுகள் தாண்டி, ஓசை மெலிந்து நூலாகி அறுந்த இடத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தோரமாகவே திரும்பி நடந்து வந்தாள். அந்த ஓசையில் மற்றவர்களுக்குக் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் அது, 'நீ போட்டிருந்தா நான் கைய எடுத்திருப்பேன்,' என்றது. அவள் அதைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்டுக்கொண்டும் இருக்க முடியவில்லை, இதற்குப் பெயர்தான் உயிரோடு இருப்பது என்று பழகிக்கொண்டாள்.

பிறகு ஓசை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் சாயங்காலங்களில் மட்டும், கொதிக்கும் உலையின் மூடி மாதிரி, ஒரு மெல்லிய உதறல். காற்றுக்கு என்று சொன்னார்கள். ஜெசிந்தாவுக்குத் தெரியும். நீளமாக ஒத்திகை பார்க்கிற நாட்களில் கௌதமனுடைய மோதிர விரல் இப்படித்தான் உதறும். அப்போது அவன் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டான், பாட்டு முடிந்த பிறகு விரலை அக்குளில் வைத்து அழுத்திக்கொள்வான். உதறல் காலையிலும் வந்தது, நாள் முழுக்க வந்தது, மழைக்காலம் வந்தபோது ஓசை இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது, ஊரில் பசு கன்றுக்குக்கூடச் சுரக்கவில்லை, பிள்ளைகள் காரணம் தெரியாமல் அழுதார்கள். ஆனாலும் அது விடவில்லை. சத்தியம் செய்தவன் விடுவானா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்கு வந்தபோது, வாசல்படியில் ரத்தினம்மா அவரைக்காய் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்கத்தே."

"இருக்கட்டும். கேட்டியா அத?"

"கேட்டேன்."

"புள்ளைக்குக் கை வலிக்குது, ஜெசி."

ஜெசிந்தா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன வருசமா நிக்கிறான். நானும் பாவி, பேச ஆளு கெடச்சானேன்னு உக்காந்து பேசிக்கினே இருந்துட்டேன். ஒக்காரு, சாப்புடு, கைய எடுடான்னு ஒருநாள் சொல்லல," என்றாள் ரத்தினம்மா. "நேத்து சொன்னேன். போதும்டா, வுட்டுட்றான்னு சொன்னேன். நான் சொன்னா கேப்பானா. நீ சொல்லணும்."

"அத்தே, ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட." ஜெசிந்தா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி நான்தான் போடாம வச்சிருந்தேன். வெளையாட்டுக்கு. தூறல் வந்தப்பவே போட்டிருந்தா அவன் கைய எடுத்திருப்பான். என்னாலதான்."

ரத்தினம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் மொத வரிசையில உக்காந்திருந்தேன்டி. நீ கையத் தூக்கிக்கினு சிரிச்சதயும் பாத்தேன், அவன் பாத்து சிரிச்சதயும் பாத்தேன். அவங்கப்பன் வெரலு போனதுலேர்ந்து எங்க வூட்ல யாரும் சிரிச்சதில்ல. எம்புள்ள அப்பிடிச் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கிதான்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்யி. இப்ப இல்ல. மச்சுலேர்ந்து எறக்கு," என்றாள்.

அல்போன்ஸ் வந்து இறக்கினான். பெரிய டிரம்மின் தோலை எலி தின்றிருந்தது. லாரி டியூபை வெட்டி உள்பக்கம் ஒட்டினான். தாளத்தட்டில் பச்சை பூத்திருந்தது, ரத்தினம்மாவே புளி போட்டுத் தேய்த்தாள். மூவரும் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது யாரும் யாருக்கும் சொல்லியனுப்பவில்லை, ஆனாலும் மிச்சமிருந்த ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. ஃபாதர் வந்தார், பிக்கு வந்தார், தலை நரைத்துப்போன கோதண்டம் கையில் கட்டிங் பிளேயரோடு வந்தான், அந்தக் கைக்குழந்தைக்காரி தோளுயரம் வளர்ந்துவிட்ட மகளோடு வந்தாள். மேடை இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. வெயில் மங்கலாக அடித்தது. ஜெசிந்தா ஸ்டூலில் உட்கார்ந்து கால் மிதியைச் சரிசெய்து, இரண்டு குச்சிகளையும் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

அவளால் முடியவில்லை. மேலே ஓசை உதறிக்கொண்டிருந்தது, கீழே அவள் கை உதறிக்கொண்டிருந்தது, ஊர் மூச்சுவிடாமல் பார்த்தது, இந்த அடி விழுந்தால் அவன் இல்லை, அப்புறம் எந்தக் காலத்திலும் இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. அவனைப் புதைத்த நாளில் அவள் அழவில்லை. இப்போது கண்ணீர் தாடை வழியாக டிரம்மின் மேல் சொட்டியது. இறக்கிவிடலாம், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், இப்படியே வலிக்கட்டும் அவனுக்கும் எனக்கும் என்றுகூட நினைத்தாள்.

அப்போது ஓசை, ஒரு மயிரிழை, மேலே வளைந்தது.

அத்தனை வருஷத்தில் அது ஒருமுறையும் வளைந்ததில்லை. வீம்புக்காரன், கடைசியில் அவனே விட்டுக்கொடுத்தான். ஜெசிந்தா அவன் வழக்கமாக நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள், புல்தான் இருந்தது, அழுதுகொண்டிருந்த முகம் தன்னையறியாமல் சிரித்தது, காலும் கையும் ஒன்றாக இறங்கின.

அடி விழுந்தது. ஓசை அதே நொடியில், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. மூணாம் ஷிப்டு எந்த மேடையிலும் அவ்வளவு சுத்தமாக ஒரு பாட்டை முடித்ததில்லை என்று அல்போன்ஸ் பின்னால் சொல்வான்.

பிறகு வந்த நிசப்தம் அந்த ஊருக்குத் தெரியாத பொருள். அந்த ஓசைக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள் பயந்துபோய்த் தாய்மார்களின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்தில் ஷாஃப்டுக்குள் தண்ணீர் ஏறுவது கேட்டது, யாரோ எச்சில் விழுங்குவது கேட்டது, மண்மேட்டிலிருந்து காற்று இறங்கி வருவது கேட்டது. ரத்தினம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தாளத்தட்டின் அதிர்வை ஜெசிந்தா விரலால் பிடித்து அடக்கினாள்.

அப்போது, ஆம்பும் இல்லாத ஸ்பீக்கரும் இல்லாத அந்த மைதானத்தில், கோல் கம்பத்து உயரத்தில், 'பொட்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணிட்டுப் புடுங்குடான்னு எத்தினி வாட்டி சொல்றது," என்றாள் ஜெசிந்தா, தலையைத் தூக்காமல், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு, வழக்கமாக வருகிற பதிலுக்காக, குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஊர் கலைந்தது, ஃபாதர் போனார், அல்போன்ஸ் டிரம்மைச் சாக்கில் கட்டினான், ரத்தினம்மா பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தாள், பொழுது இறங்கியது, அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.